துரை எந்தப் பக்கம் திரும்புவான்

கீரமங்கலத்திலிருந்து உள்ளே பிரியும் சாலையில், செல்வமணி அக்கா வீட்டு வேலிக்கு இருபதடி தள்ளி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். காலை ஏழு மணி வெயில். பக்கத்துக் கொல்லையில் இரண்டு பெண்கள் முல்லை பறித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி நிமிர்ந்து, "வீடியோக்காரம்மா, எங்களையும் ஒரு நாளு எடுக்குறது" என்றாள். சிரித்து வைத்தேன்.

உள்ளே போய் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். வழியெல்லாம் அதற்கு வாக்கியம் சேர்த்துக்கொண்டே வந்திருந்தேன். வாடிவாசல் ஓரத்தில் மைக் பிடித்து மணிக்கணக்காகப் பேசுகிறவள் நான். அன்றைக்கு என்னமோ நாலு வார்த்தை ஒன்றாக வந்து நிற்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் துரை நின்றுகொண்டிருந்தான். துரை என்பது செல்வமணி அக்கா வளர்க்கும் ஜல்லிக்கட்டுக் காளை. செவலை நிறம், நெற்றியில் ஒற்றை ரூபாய் அளவுக்கு ஒரு வெள்ளை. நாலு வாடியில், அதாவது நாலு ஊர் ஜல்லிக்கட்டில், அவிழ்த்தும் ஒருவர் கையிலும் சிக்காதவன். ஐந்தாவது வாடிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. இந்த நேரம் பார்த்து அவனுடைய ரகசியத்தை ஊர் உலகத்துக்கெல்லாம் நான் போட்டுக் கொடுத்திருந்தேன். அதைத்தான் அக்காவிடம் சொல்ல வேண்டும்.

பிடிபட்டால் துரை அந்த வீட்டில் இருக்க மாட்டான். அக்காவின் கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார். அக்கா தனியாக இருந்துகொண்டு வாடி மாடு வளர்ப்பதற்கு அவர் ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்திருந்தார். ஒரு தடவை பிடிபட்டாலும் விற்றுவிட வேண்டும். அக்காவும் சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் சும்மா இருக்கிறார்

போன வாரம் இந்தத் தொடரில் என் முதல் மைக் வாங்கிய கதையை எழுதியதும், வாசகர் ஒருவர் ஆசிரியருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று ஒரே வரி. ஐயா, அந்தக் கேள்வி எனக்குப் பழகிப்போனது. ஏதோ கணக்கெடுப்புக்கு எங்கள் தெருவுக்கு வந்த ஓர் அம்மா, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். ஜல்லிக்கட்டு மாடுகளை வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, சேனலில் போடுகிறேன் என்று விளக்கமாகச் சொன்னேன். அவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்டில் சும்மா இருக்கிறார்" என்று எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்துவிட்டேன், அதனால்தான் தெரியும்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் கறம்பக்குடியில் ஒரு செல்போன் கடையில் இருந்தேன். ரீசார்ஜ் போடுவது, கவர் எடுத்துக் காட்டுவது, கண்ணாடி ஒட்டுவது. குமிழி இல்லாமல் ஒட்டுவதில் கடையிலேயே நான்தான் முதல். காதுகுத்து, கல்யாண வீடியோக்களைக் கொண்டுவந்து, "இதுல எங்க மாமா பேசுறத மட்டும் வெட்டிக் குடு" என்று கேட்பவர்களுக்கு வெட்டிக் கொடுத்தே வீடியோ வெட்டக் கற்றுக்கொண்டேன். யாருடைய மாமாக்களோ எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார்கள்.

முதல் வீடியோவில் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எங்கள் தெருவில் ஒரு காளை தவிட்டுத் தண்ணீர் குடிக்கும். தொட்டிக்குள் மூக்கை முழுக்க விட்டு, தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி உறிஞ்சும். எனக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு வரும். அதை அப்படியே எடுத்துப் போட்டேன். இரண்டு நாள் கழித்து, துபாயில் இருக்கும் யாரோ கீழே எழுதியிருந்தார்: "சத்தத்தக் கொறச்சிறாதீங்க அக்கா. ரூம்ல எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்கோம்." கடைக்குள்ளேயே அழுதுவிட்டேன். கண்ணாடி ஒட்ட வந்தவர், ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்துப் போனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்படித் தொடங்கியதுதான் 'வாடிப்பக்கம்' சேனல். மாடு பாய்வதை எடுக்க நூறு பேர் இருக்கிறார்கள். நான் மாடு வீட்டில் இருப்பதை எடுத்தேன். கண்மாயில் நீந்துவது, மண்ணைக் குத்திக் குத்தித் தலையில் போட்டுக்கொள்வது, குளிப்பாட்ட வந்த ஆளைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கொள்வது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எந்த மாடு திரும்பும், எது திமிரில் திரும்பாது என்பதெல்லாம் என் பார்வையாளர்களுக்கு அத்துப்படி. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. காலையில் எழுந்ததும் இன்றைக்கு எந்த ஊர், எந்த மாடு என்று நினைத்துக்கொண்டு பல் துலக்குவது ஒரு சுகம். அதை அந்தக் கணக்கெடுப்பு அம்மாவுக்கு எந்தக் கட்டத்தில் எழுதச் சொல்வது?

கேட்கக் கூடாத கேள்வி

மாட்டுக்காரர்கள் பேச்சுக்குப் பஞ்சம் வைக்க மாட்டார்கள். என்ன தீனி, எந்த ஊர்க் கன்று, தாய் மாடு எப்படி, எல்லாம் சொல்வார்கள். கேட்கக் கூடாதது ஒன்றுதான். வாடியை விட்டு வெளியே வந்ததும் மாடு எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்கவே கூடாது.

ஒவ்வொரு காளைக்கும் ஒரு பழக்கம் உண்டு. சிலது நேரே ஓடிவிடும். சிலது இடது பக்கம் சுற்றும். சிலது நின்று, பார்த்து, ஆளைத் தேடும். பிடிக்க நிற்பவனுக்கு அது முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எதிர்பார்த்த பக்கத்தில் போய் நின்றுகொண்டு திமிலில் கையைப் போட்டுவிடுவான். ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் மாடு வருவதால் எது எப்படித் திரும்பியது என்று யாருக்கும் நினைவிருக்காது. அதுதான் மாட்டுக்கும் காவல்.

இதை நான் வந்த புதிதிலேயே கற்றுக்கொண்டேன். ஒருவரிடம் விவரம் தெரியாமல் கேட்டுவைத்து, அவர் பதில் சொல்லாமல் மாட்டை ஓட்டிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்டதில்லை. வாயால் கேட்காமல் இருந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன், அங்கேதான் பிசகியது.

பாட்டுக்குத் தகுந்த வெட்டு

துரையை நாலு வாடியிலும் நான்தான் எடுத்திருந்தேன். நாலையும் சேர்த்து ஒரு வீடியோ போட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. உறுமி மேளம் ஒன்றை வைத்து, அடி விழுகிற இடத்தில் துரை திரும்புகிற மாதிரி வெட்டினேன். முதல் அடிக்கு முதல் வாடி, இரண்டாவது அடிக்கு இரண்டாவது வாடி. ஒவ்வொன்றையும் மெதுவாக ஓடவிட்டேன். அதுவரைக்கும் நான் வெட்டியதிலேயே அழகானது அதுதான். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், வீடியோவெல்லாம் பாராட்டுகிற ஆள் இல்லை. அவரே இரண்டு தடவை பார்த்தார்.

போட்ட மூன்றாம் நாள் லட்சத்தைத் தாண்டியது. என் சேனலுக்கு அதெல்லாம் பெரிய விஷயம். கீழே வரிசையாக இதயமும் தீயுமாக வந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு கமெண்ட்.

"நாலு வாடிலயும் வலது பக்கந்தான். வெளிய வந்து தலையக் கீழ போட்டு ஒரு செகண்டு நிக்கிது, அப்பறம் வலது. வாடியோட வலது தூண் ஓரம் நின்னா அல்வா மாதிரி."

வீடியோவைத் திரும்ப ஓட்டினேன். அடி, வலது. அடி, வலது. அடி, வலது. அடி, வலது. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். வெட்டிக்கொண்டிருந்தபோது மேளத்தைப் பார்த்தேன், வெளிச்சத்தைப் பார்த்தேன், புழுதி பறக்கிற அழகைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்ததை நான் மட்டும் பார்க்கவில்லை.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நீதான் போயிச் சொல்லணும். போன்ல சொல்லாத" என்றார்.

இப்போதெல்லாம் ஒரு காளையின் இரண்டு வாடிகளை ஒரே வீடியோவில் வைப்பதில்லை. புதிதாகச் சேனல் தொடங்கும் பிள்ளைகள் கேட்டால், கேமரா வாங்குவதற்கு முன்னால் இதைத்தான் சொல்கிறேன்.

டீயைக் குடித்துவிட்டுப் போ

ஸ்கூட்டியில் உட்கார்ந்திருந்த என்னைச் செல்வமணி அக்கா பார்த்துவிட்டார். தொட்டியில் தவிடும் பருத்திக்கொட்டையும் கரைத்துக்கொண்டிருந்தவர், முழங்கை வரைக்கும் வழிய வழிய வேலிக்கு வந்தார்.

"வாத்தா. ஏன் அங்கிட்டே நிக்கிற? வண்டி எதுவும் மக்கர் பண்ணுதா?"

"இல்லக்கா. ஒரு விசயம் சொல்லணும்."

தயாரித்த வாக்கியங்கள் எல்லாம் போன இடம் தெரியவில்லை. ஒரே மூச்சில் கொட்டினேன். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் துரையைத் திரும்பிப் பார்த்தார். அவன் அசைபோட்டுக்கொண்டு நின்றான்.

"வலது பக்கம்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சா?"

"ஆமாக்கா."

"எத்தன பேரு பாத்தாக?"

"லட்சத்தத் தாண்டிருச்சு."

"லட்சம் பேரா" என்றார். அதைக் கோபமாகச் சொன்னாரா என்பது எனக்குப் புரியவில்லை. அந்தக் கமெண்டைக் காட்டலாம் என்று வீடியோவைத் திறந்தேன். சட்டென்று தவிட்டுக் கையால் போனை மறைத்து, "எனக்குக் காட்டாத" என்றார். என் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

"அழிச்சிரட்டுமாக்கா?"

"அழி."

அங்கேயே நின்று அழித்தேன். எனக்கு அதிகம் பேரைக் கூட்டிக்கொண்டு வந்த வீடியோ, ஒரு தடவை அழுத்தியதில் போய்விட்டது. ஆனால் அதற்குள் இரண்டு மூன்று சேனல்காரர்கள் அதை எடுத்துத் தங்கள் பெயரைப் போட்டு ஓடவிட்டிருந்தார்கள். அழித்தும் பிரயோசனமில்லை என்பது இருவருக்கும் தெரிந்தேதான் இருந்தது.

"இந்தத் தடவ அவுக்காம விட்டுறலாமாக்கா?"

"டோக்கன் வாங்கிட்டு எப்பிடி விடுறது? பயந்துட்டான்னு சொல்லுவாக. அவன் எங்க பயந்தான், நாமதான பயப்படுறோம்? அவுப்பேன்." பிறகு, "புடிபட்டா வித்துருவோம்னு அவருக்குச் சொல்லிருக்கேன். அதான் யோசன" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அக்கா, "நீ வேணும்னு செய்யல. ஆனா செஞ்சுட்ட" என்று மட்டும் சொன்னார். வண்டியை எடுக்கப் போனவளை நிறுத்தி, "டீயக் குடிச்சிட்டுப் போ" என்று உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த டீயைக் குடித்து முடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

தூண் ஓரத்தில்

ஐந்தாவது வாடி, குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஓர் ஊர். வெயில் ஏறியிருந்தது. நான் வழக்கமான இடத்தில், கேலரியின் இரண்டாம் தட்டில் நின்றேன். பக்கத்தில் இருந்தவர் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார். வாயில் போட்டேன், உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

துரையை வாடிக்குள் கொண்டுபோகிறவர் அக்காவின் தம்பி. அக்கா எப்போதும் அரை மைல் தள்ளி, மாடுகள் ஓடிவந்து சேருகிற பொட்டலில் கயிற்றோடு நிற்பார். துரை அடங்கி நிற்பது அக்கா குரலுக்கு மட்டும்தான்.

மைக்கில் பேசுகிறவர் குரலை உயர்த்தினார். "அடுத்து வர்றது கீரமங்கலம் செல்வமணியோட காளை, துரை. நாலு வாடி பாத்த காளை. தொட்டுப் பாருங்கப்பா, சில்வர் அண்டா, ஒரு கட்டில்."

பெயரைச் சொன்னதும் பிடிக்க நின்றவர்களில் ஏழெட்டுப் பேர் வலது தூண் பக்கம் நகர்ந்தார்கள். அவசரமே இல்லை, பஸ்ஸுக்கு இடம் போடுகிற மாதிரி நிதானமாகப் போய் நின்றார்கள். அவர்களை அங்கே நிறுத்தி வைத்தது நான்தான்.

துரை வெளியே வந்தான். தலையைக் கீழே போட்டான். ஒரு நொடி நின்றான். வலது பக்கம் திரும்பினான்.

முதல் ஆளை உதறினான், இரண்டாவது ஆள் புழுதியில் உருண்டான். மூன்றாவது பையன் திமிலைக் கட்டிக்கொண்டான். துரை நாலு காலையும் தூக்கித் துள்ளினான், பையன் விடவில்லை. மறுபடி துள்ளினான், விடவில்லை. மூன்று துள்ளல் தாங்கினால் பிடி என்பதுதான் கணக்கு, மூன்றாவது துள்ளலோடு மைக்கில் சத்தம் வந்தது: "மாடு பிடிமாடு. வீரர் வெற்றி." அந்தப் பையன் ஏமாற்றிப் பிடிக்கவில்லை. ஒழுங்காக, ஒற்றை ஆளாகப் பிடித்தான். அவன் மேல் கோபப்படவும் எனக்கு வழியில்லை.

அவ்வளவு நேரமும் என் கை போனைக் கீழே இறக்கவில்லை. துரை எல்லைக்கோட்டைத் தாண்டி மறைகிற வரைக்கும் எடுத்திருந்தது. இந்தக் கையை நினைத்து எனக்கு அன்றைக்கு வெறுப்பாகத்தான் இருந்தது.

பொட்டலில்

கேலரியை விட்டு இறங்கி, கடலைக் கொல்லை வரப்பிலேயே ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் துரை அக்காவிடம் வந்துவிட்டான். கயிறு மாட்டி ஒரு கருவேல மரத்தடியில் கட்டியிருந்தார். அவன் விலா ஏறி ஏறி இறங்கியது. அக்கா ஈரத் துணியால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மைக் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டிருக்கிறது.

"புடிச்சிட்டாகல்ல?"

"ஆமாக்கா."

"நல்லாப் புடிச்சானா?"

"நல்லாத்தான் புடிச்சான். அவனுக்கு முட்டி பேந்துருச்சு."

"பாவம்" என்றார். துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எடுத்தியா?"

"எடுத்தேன். ஆனா போட மாட்டேன்க்கா, சத்தியமா."

"போடுறதப் பத்தி இப்ப யாரு கேட்டா? காட்டு."

எனக்குப் புரியவில்லை. "அன்னைக்குக் காட்டாதன்னு சொன்னீங்களேக்கா?"

"அன்னைக்கு மட்டுமா சொன்னேன்? என் தம்பி போன்லயும் பாத்ததில்ல, வாடிவாசப் பக்கமும் போனதில்ல. வளத்தவ பாத்துச் சந்தோசப்பட்டா மாட்டுக்குக் கண்ணு பட்டுரும்னு பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இவன் இந்தப் பொட்டல்ல என்னத் தேடி ஓடியாரது மட்டுந்தான். இனிமே என் கண்ணு பட்டு என்னாகப் போவுது? காட்டு."

லட்சம் பேர் பார்த்த மாட்டை, வளர்த்தவள் பார்த்ததில்லை.

வெயிலில் திரை தெரியவில்லை. அக்கா முந்தானையை இழுத்து இருவர் தலைக்கும் மேலாகப் போட்டார். உள்ளே மாட்டு வாசமும் வியர்வையும் தவிட்டு வாசமுமாக இருந்தது. ஓடவிட்டேன். துரை வெளியே வந்தான். அக்கா போனைக் கிட்டே இழுத்துக்கொண்டார். முதல் துள்ளலில் நாலு காலும் தரையை விட்டு எழும்பியபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இம்புட்டு ஒசரமா வருவான்?"

"இதுக்கு மேலயும் வந்திருக்கான்க்கா."

"அதுவும் இருக்கா?"

சேனலில்தான் அழித்திருந்தேன், போனில் இருந்தது. உறுமி மேளத்தோடு நாலு வாடியையும் போட்டுக் காட்டினேன். இரண்டாவது வாடியிலேயே அக்கா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நாலாவதில் முந்தானையை விலக்கி, துரையைப் பார்த்து, "நாலு தடவையுமா வலது பக்கம்? வேற பக்கமே தெரியாதாடா கிறுக்கா ஒனக்கு?" என்றார். அவன் காதை மட்டும் ஆட்டினான். நானும் சிரித்தேன். ஒரு வாரமாகச் சிரிக்காத சிரிப்பு.

அக்காவின் பழைய பட்டன் போன் அடித்தது. சிங்கப்பூர். அந்தப் போனில் பேசுவது பத்தடிக்குக் கேட்கும்.

"கேள்விப்பட்டேன் செல்வமணி. சரி, விடு. மனச விட்றாத. வியாபாரிகிட்ட நான் பேசிக்கிறேன், நீ எதையும் யோசிக்காத."

"இல்லங்க. விக்கல."

"நீதான சொன்ன?"

"சொன்னேன்தாங்க. அப்ப நான் இவனப் பாத்ததில்ல. இப்பத்தான் பாக்க ஆரம்பிச்சிருக்கேன்."

அவர் என்னவோ சொல்ல வந்தார். "இருங்க, வேலையா இருக்கேன், பெறகு பேசுறேன்" என்று போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டார். முந்தானையை மறுபடி எங்கள் தலைக்கு மேலே இழுத்து விட்டார்.

"மறுக்காப் போடு" என்றார்.